மெதுவாக ஓடட்டும் நம்மவர்கள்!

ஜனவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்பே சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தின் முன்னால் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 2004-ம் ஆண்டு தொடங்கிய மும்பை மாரத்தான் ஓட்டம் இன்று இந்த மாநகரின் திருவிழாக்களில் ஒன்றாகிவிட்டது. ஓடுகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே சாலையோரம் வந்து நிற்கிறவர்களும் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஓடிப்போவதைப் பார்க்கும் நாற்பது வயதுக் குமாஸ்தாவுக்கு ரோஷம் வருவது இயற்கை. அடுத்த சம்பளத்தில் ஷூ வாங்கிவிடுகிறார்.

பிப்ரவரியில் தாதர் சிவாஜி பார்க்கிலும், மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பகுதியிலும் இப்படிப்பட்ட புதுமுகங்களைத் தினமும் காணலாம். தாராவி, சயான், ஆன்டாப் ஹில், செம்பூர் பகுதிகளிலிருந்து வரும் நம்மவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஹோலிப் பண்டிகை வரும்போது போய்ப் பார்த்தால் அந்த முகங்களில் பலவற்றைக் காணோம். ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மறு ஜனவரியில்தான் அது மீண்டும் வெளியே வரும்.

"ஆரம்ப சூரத்தனம்" என்று வீட்டார் சிரிக்கிறார்கள். "மன உறுதி போதாது" என்று ஆபீஸ் நண்பர்கள் உபதேசம் செய்கிறார்கள். இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதற்கில்லை. கல்யாணிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் விடியற்காலை லோக்கலைப் பிடித்து, ஒற்றைக் காலில் நின்றபடி கோட்டைப் பகுதிக்கு வந்து, இருபது வருடமாக லேட் மார்க் வாங்காமல் வேலை பார்க்கும் மனிதருக்கு மன உறுதி இல்லை என்றால், வேறு யாருக்குத்தான் இருக்கிறது? அவரிடம் உறுதி தாராளமாக இருக்கிறது. சொல்லப்போனால் அந்த உறுதிதான் அவரைக் கெடுக்கிறது.

நடப்பது இதுதான். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பிறகு ஓடியே அறியாதவர், முதல் நாள் அதே பள்ளிக்கூட வேகத்தில் புறப்படுகிறார். முந்நூறு மீட்டரில் மூச்சு இரைக்கிறது. அவமானமாக இருக்கிறது. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்நூறு மீட்டர் ஓடுகிறார். மூன்றாம் நாள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தெரிகிறது. அல்லது காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் குத்துவதுபோல் இருக்கிறது. அதோடு லோக்கலில் ஒரு மணி நேரம் நின்று ஆபீசுக்குப் போக வேண்டும். மூன்றாவது வாரம் ஓட்டம் நின்றுவிடுகிறது. இதில் சோம்பல் எங்கே வந்தது? தினமும் கசப்பு மருந்து குடிப்பதுபோல் ஓடினால், எந்த மனிதரானாலும் எத்தனை நாளைக்குத்தான் தாங்குவார்?

லண்டன் பஸ்ஸில் கண்ட உண்மை

இத்தனை சிரமப்பட்டு ஓடத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். நாற்காலியில் அமர்ந்து பிழைப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தம் குழுவினருடன் லண்டன் மாநகர பஸ் ஊழியர்களைப் பரிசீலித்து, 1953-ம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் ஒரே பஸ், ஒரே வீதி, ஏறத்தாழ ஒரே மாதிரியான குடும்ப நிலைமை. டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ இரண்டடுக்கு பஸ்ஸில் தினம் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தபோதும் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையாக வந்தது குறைவு. தபால் இலாகாவைப் பார்த்தபோதும் அதே கதை. வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோன தபால்காரரைவிட, மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவின் இதயம்தான் முதலில் தகராறு செய்தது.

பூங்காவில் ஓடுகிற ஆளை ஊரார் ஒரு மாதிரியாகப் பார்த்த அந்தக் காலத்திலேயே, மாரிஸ் தாமும் ஓட ஆரம்பித்தார். 2009-ல் அவர் காலமானபோது வயது 99.

நம் நாட்டு நிலவரம் இன்னும் கவலைக்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். பல நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 என்றும், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 என்றும் காட்டியது. 53 என்றால் ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் சில வருடங்கள் பாக்கி. மகன் கல்லூரியில் இருப்பான், மகள் கல்யாணத்துக்கு நிற்பாள், ஊரில் வயதான தாயார் மாதப் பணத்தை எதிர்பார்த்திருப்பார். ஊரைவிட்டு வந்து ஒரே ஒருவர் சம்பளத்தில் நிற்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு வெறும் புள்ளிவிவரம் ஆகாது.

நடந்தால் போதாதா என்றால், தாராளமாகப் போதும். நடைப்பயிற்சியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்த அளவின்படி, வேகமான நடை போன்ற மிதமான உழைப்பென்றால் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் தேவை. ஓட்டம் போன்ற கடின உழைப்பென்றால் 75 நிமிடமே போதும். போக வர மூன்று மணி நேரத்தை ரயிலுக்குக் கொடுத்துவிடும் மனிதருக்கு இந்தப் பாதி நேரம் பெரிய லாபம். வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு 25 நிமிடம். இது முடியாதவர் இந்த ஊரில் மிகச் சிலரே இருப்பார்கள்.

ஸ்லோ லோக்கல் போதும்

மெதுவாக ஓடும் கலையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்ல. நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து நகரில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆர்தர் லிடியார்ட் என்று பெயர். தம் உடம்பையே சோதனைச் சாலையாக வைத்து, எவ்வளவு தூரம், எந்த வேகம் என்று பல வருடம் ஓடிப் பார்த்தார். பிறகு தம் பேட்டைப் பையன்களைப் பழக்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 800 மீட்டர் என்பது இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற பந்தயம். அதற்குக்கூட மாதக்கணக்கில் நிதானமான நீண்ட ஓட்டத்தையே அஸ்திவாரமாகப் போட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒலிம்பிக் வெற்றியோடு அவர் நிற்கவில்லை. இதயக் கோளாறு கண்ட நடுத்தர வயதுக்காரர்களையும் மெல்ல ஓட வைக்கலாம் என்றார். 1962-ல் ஆக்லாந்தில் மெல்ல ஓடுகிறவர்களுக்கென்று ஒரு ஓட்டச் சங்கம் தோன்றியது. அந்த ஊருக்கு வந்த பில் பவர்மன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் (பிற்காலத்தில் நைக் ஷூ கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர்) அவர்களோடு ஒருநாள் ஓடப் போனார். தாம் நல்ல திடகாத்திரம் என்று அவருக்கு நினைப்பு. மாரடைப்பு கண்டு பிழைத்த எழுபது வயதைத் தாண்டிய கிழவர் ஒருவர், அவருக்குத் துணையாக வேகத்தைக் குறைத்துப் பேசிக்கொண்டே ஓடி வரும்படி ஆயிற்று. பவர்மனால் பதில் பேச மூச்சில்லை. ஊர் திரும்பியவர் இந்த முறையைத் தம் ஊராருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1967-ல் ஒரு இதய டாக்டருடன் சேர்ந்து அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஜாகிங் என்ற சொல் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பரவியது அதற்குப் பிறகுதான்.

எது மெதுவான ஓட்டம் என்று அறிய விலை உயர்ந்த கைக்கடிகாரம் எதுவும் தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவர் திருக்குறள் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ஏழு சீரும் ஒரே மூச்சில் இடறாமல் வந்தால் வேகம் சரி. நாலாவது சீரில் மூச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தும் வரவில்லை என்றால் நடக்க வேண்டும். நடப்பதில் எந்த அவமானமும் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர், ஓட்டமும் நடையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தே பேர் வாங்கினார்.

ஆகவே புதியவர் முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இப்படியே 20, 25 நிமிடம் செய்தால் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று தடவை. வாரங்கள் போகப்போக ஓடும் நிமிடத்தைக் கூட்டி, நடக்கும் நிமிடத்தைக் குறைத்துக்கொண்டு வரலாம். இரண்டு மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவது பெரும்பாலோருக்குக் கைகூடிவிடும். வலி வந்த வாரத்தில் ஒரு படி பின்னால் போவதும் பயிற்சியில் சேர்ந்ததே.

இவ்வளவு பொறுமை எதற்கு என்றால், உடம்பின் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பலப்படுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்கின்றன. எலும்பும் தசைநாணும் கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இரைப்பது நின்றதும் "தேறிவிட்டோம்" என்று வேகத்தைக் கூட்டுகிறவருக்குத்தான் கணுக்காலிலும் முன்னெலும்பிலும் வினை வருகிறது. எஞ்சின் புதிது, தண்டவாளம் பழையது என்பதை மறந்துவிடக் கூடாது.

மெதுவாக ஓடுகிறவர் கேலியையும் தாங்கியாக வேண்டும். "இதுக்கு நடந்தே போயிரலாமே, அண்ணாச்சி!" என்று டீக்கடை பெஞ்சிலிருந்து யாராவது கேட்கத்தான் செய்வார்கள். ஃபாஸ்ட் லோக்கல் விர்ரென்று கடந்து போகும்போது ஸ்லோ லோக்கலில் இருப்பவர் இறங்கியா விடுகிறார்? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றாலும் அதுவும் கல்யாண் போய்ச் சேருகிற வண்டிதான்.

டூட்டியோடு ஒத்துப்போகும் ஓட்டம்

உற்சாகம் குறைந்துவிடுகிறது என்பது பலரின் புகார். உற்சாகத்தை நம்பி ஓடினால் அப்படித்தான் ஆகும். ரயில்வே டைம்டேபிள் டிரைவரின் உற்சாகத்தைக் கேட்டுப் போடப்பட்டதல்ல. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், காலையில் எழுந்து யோசிக்க வேலை இல்லை. ஷூவையும் பனியனையும் இரவே கதவருகில் எடுத்து வைத்துவிட வேண்டும். ஒற்றை அறை வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது விளக்கைப் போட்டுத் தேடுகிறவருக்கு வீட்டாரின் ஆசீர்வாதம் நீண்ட நாள் கிடைக்காது.

பழக்கம் படிவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 96 பேரைக் கவனித்து ஆராய்ந்தார்கள். 2010-ல் அச்சான அந்த ஆய்வின்படி நடுக் கணக்கில் 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது, சிலருக்கு 250 நாளுக்கு மேலும் ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். அதைவிட முக்கியமான செய்தி, இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் படிவதற்குப் பெரிய பாதகம் எதுவும் இல்லை என்பது. நம்மவர்கள் செய்யும் இரண்டாவது தவறு இங்கேதான். ஊரிலிருந்து விருந்தாளி வந்தார், இரண்டு நாள் ஓடவில்லை. "சரி, விட்டுப்போச்சு, இனி தைப் பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம்" என்று கணக்கையே மூடிவிடுகிறார்கள். ஒரு ரயில் ரத்தானால் பாதையையா பெயர்த்துவிடுகிறார்கள்? அடுத்த வண்டி அதன் நேரத்துக்குப் போக வேண்டியதுதான்.

நம் வீடுகளில் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் இதற்கு நல்ல கணக்குப் புத்தகம். ஓடிய நாளில் எத்தனை நிமிடம் என்பதை மட்டும் பென்சிலால் குறித்தால் போதும். தூரத்தைக் குறித்தால், அடுத்த நாள் அதை மிஞ்ச வேண்டும் என்ற பழைய சூரத்தனம் தலைகாட்டிவிடும்.

ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர்களின் பாடு தனி. இரவு டூட்டி முடிந்து காலையில் வீடு திரும்பியவர், தூக்கக் கலக்கத்தோடு சாலையில் ஓடுவது ஆபத்து. முதலில் தூங்கி எழுந்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஓடலாம். ஷிப்ட் மாறுகிற வாரத்தில் தூரத்தைப் பாதியாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். தூக்கத்தைத் திருடி ஓடுகிறவருக்கு ஓட்டம் மருந்தாக வேலை செய்யாது. காலை, மாலை இரண்டும் இயலாதவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் ஆபீஸ் மாடிப்படி ஏறி இறங்கலாம். லண்டன் கண்டக்டர்கள் செய்தது அதுதானே!

மூன்று நான்கு மாதம் இப்படி நிலைத்தவர், வாரத்தில் ஒருநாள் மட்டும் கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்க்கலாம். நாலு நிமிடம் விரைவாக ஓடி, மூன்று நிமிடம் மெல்ல நடப்பது. இப்படி மூன்று நான்கு தடவை. வார ஓய்வு நாளில் மற்ற நாட்களைவிட நீளமாக, ஆனால் மிக மெதுவாக ஓடுவது இன்னொன்று. உலகப் பெரும் வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர்களும், அவர்கள் ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிதானமான ஓட்டமே என்று கண்டிருக்கிறார்கள். பதக்கம் வாங்குகிறவர்களே அப்படி என்றால், பைல் பார்க்கிறவர்களுக்கு என்ன அவசரம்?

முழங்கால் தேய்ந்துபோகும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும், போட்டி வீரர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் இருந்தது. உட்கார்ந்தே இருப்பதும் ஆகாது, உயிரை விட்டு ஓடுவதும் ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆகவேதான் முதல் வருடமே முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதை ஆதரிக்க முடியவில்லை. 42 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டிய அந்தப் பந்தயத்தில், கால் ஓய்ந்துபோன கடைசிக் கட்டத்தில்தான் பெடர் ரோடு ஏற்றம் வருகிறது. முகநூலில் பதக்கப் படம் போடும் ஆசைக்காக அதில் போய் விழுந்து, ஆறு மாதம் ஓடாமல் கிடப்பதைவிட, பத்து கிலோமீட்டர் பந்தயத்தை முடித்துவிட்டு மறுநாள் லோக்கலில் நின்றபடி ஆபீசுக்குப் போகிறவரே கெட்டிக்காரர்.

மழையும் புழுக்கமும்

மும்பைக் காற்றின் புழுக்கத்தை ஊரிலுள்ள வெயிலோடு ஒப்பிடக் கூடாது. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாவதில்லை, சும்மா வழிகிறது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களிலும், மழை விட்ட பிறகு வரும் அக்டோபர் புழுக்கத்திலும் வேகத்தை இன்னும் குறைத்தே ஆக வேண்டும். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சம்பழத் தண்ணீரோ குடித்தால் போதும், புட்டியில் அடைத்த வண்ணத் தண்ணீருக்குப் பணம் அழ வேண்டாம். குளிர்காலம் ஓடச் சுகமானது. ஆனால் அந்த மாதங்களில்தான் காலைப் புகைமூட்டமும் அதிகம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டியிருந்தால், அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்துவிடலாம்.

மழைக்காலத்தில் ஓடக் கூடாது என்பதில்லை. மரைன் டிரைவ் நடைமேடை மூன்றரை கிலோமீட்டருக்குச் சமதளமாகக் கிடக்கிறது, அலை பொங்கும் நாட்களைத் தவிர. தேங்கிய தண்ணீரில் மட்டும் கால் வைக்கவே கூடாது. 2005 ஜூலை 26 பெருமழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் இந்த நகரத்தில் எத்தனை பேரைப் படுக்கையில் தள்ளியது என்பதைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் கிருமி உள்ளே போய்விடும். நனைந்த ஷூவுக்குள் படித்து முடித்த பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் மறுநாள் காய்ந்திருக்கும். ஷூ விஷயத்தில் சொல்ல வேறொன்றும் இல்லை. காலுக்குப் பொருந்தி, கட்டை விரலுக்கு முன்னால் சிறிது இடம் விட்டிருந்தால் அது நல்ல ஷூ.

நாற்பதை நெருங்குகிறவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்கள் டாக்டரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் எப்போது சாப்பிட்டு எப்போது ஓடுவது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். திடீரென்று சர்க்கரை இறங்கிவிடலாம் என்பதால் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைச்சுற்றல் வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதில் தைரியசாலியாக நடிப்பவர்களால்தான் வீடுகள் நிர்க்கதி ஆகின்றன.

வீட்டில் இருப்பவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களைப் பற்றியே. சர்க்கரை வியாதி பெண்களை விட்டுவைக்கவில்லை. ஆனால் நம் குடியிருப்புகளில் காலை நேரம் அவர்களுக்குச் சொந்தமானதல்ல. மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நேரமும், கணவரின் டிபன் கட்டும் நேரமும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரமும் ஒன்றாக வந்து மோதுகின்றன. வேலைக்கும் போகிறவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். "வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சிதானே" என்று சொல்கிற ஆண்கள், குனிந்து நிமிர்ந்து களைத்துப்போவதற்கும் இதயம் பலப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அறியாதவர்கள். வாரத்தில் மூன்று நாள் கணவர் ஓடுகிறார் என்றால், மீதி மூன்று நாள் குழாயடியில் குடம் பிடிக்க அவரே நிற்கட்டும். அம்மா அந்த நேரத்தில் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பட்டும். சுடிதாரில் ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான்.

இருட்டு விலகாத நேரத்தில் பெண்கள் தனியாகப் போகத் தயங்குவதில் நியாயம் உண்டு. அங்கேதான் நம் தமிழ்ச் சங்கங்களும் நற்பணி மன்றங்களும் உதவிக்கு வர வேண்டும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் ஆண்டுதோறும் குறைவில்லாமல் நடக்கின்றன, நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இன்ன மைதானம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட ஒரு சாக்பீஸ் போதும். நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். தனியாக ஓடுகிறவருக்கு அந்தத் துணை கிடையாது. கூட்டத்தில் மிகவும் மெதுவாக ஓடுகிறவரை முன்னால் விட்டு, மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வர வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டால், புதிதாக வந்தவர் இரண்டாவது வாரமும் வருவார். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் அவர்களுக்குத் தனி வரிசை, தனி நேரம் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து மாநகராட்சி மைதானத்தின் விளக்கை எரியவிடவும், அங்குள்ள கழிப்பறையைக் காலை ஐந்து மணிக்கே திறந்து வைக்கவும் வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத வேண்டியிருக்கும். மனு எழுதுவதில் கைதேர்ந்த குமாஸ்தாக்கள் நம் சங்கங்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.